நாற்பதில் காத்தால் எழுபதிலும் தெளிவு
(கணவன் மனைவி இருவரும் சேர்ந்து படிக்க வேண்டிய பிரசுரம்)



குழந்தைக்குத் தடுப்பூசி போட்டீர்கள். கர்ப்ப காலத்தில் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டீர்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை வருட இடைவெளி என்று இருவரும் பேசி முடிவு செய்தீர்கள். குடும்ப நலம் என்பது அத்துடன் முடிந்துவிடுவதில்லை. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு உங்கள் இருவருக்கும் இன்னும் முப்பது நாற்பது வருட வாழ்க்கை இருக்கிறது. அந்த வருடங்களில் உங்கள் மூளை தெளிவாக இருக்க வேண்டாமா?

"வயசானா மறதி வரத்தான் செய்யும், அதுக்கு என்ன பண்றது?" என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். இதில் பாதிதான் உண்மை. சாவியை வைத்த இடம் மறப்பது வயதின் இயல்பு. ஆனால் பெற்ற பிள்ளையின் பெயரையே மறக்கும் நிலை எல்லோருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. உலக நிபுணர் குழு ஒன்று 2024-ல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மறதி நோய்க்கு வழிவகுப்பவற்றில் நாம் மாற்றக் கூடியவையாக 14 காரணங்களை அது எடுத்துக் காட்டியது. அவற்றை எல்லோரும் சரிசெய்தால் 100 பேரில் ஏறக்குறைய 45 பேருக்கு நோய் வராமல் தடுக்கவோ, தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்று கணக்கிட்டது. இவற்றில் பல நடு வயதிலேயே ஆரம்பிப்பவை. ஆகவே இந்தப் பிரசுரம் தாத்தா பாட்டிகளுக்கு மட்டும் உரியதல்ல. முப்பதிலும் நாற்பதிலும் இருக்கும் உங்களுக்கே முதலில் உரியது.

மூளை என்னும் உறுப்பு

மூளையின் எடை ஒன்றேகால் கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கும். உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் உடல் பயன்படுத்தும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுப்பவை இரத்தக் குழாய்கள். குழாய் கெட்டால் மூளை கெடும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போவது எல்லாம் எளிதாக விளங்கும்.

'வளர்ந்த பிறகு மூளை மாறாது' என்று முன்பு எண்ணியிருந்தார்கள். அது தவறு என்று இப்போது தெரிந்துவிட்டது. லண்டன் நகரத்தில் டாக்ஸி ஓட்ட உரிமம் பெற வேண்டுமானால் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். அதற்குப் படித்துத் தேறியவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். நினைவுக்கும் வழி அறிவதற்கும் உதவும் பகுதி, படிப்பதற்கு முன் இருந்ததைவிட வளர்ந்திருந்தது. இதை 2011-ல் வெளியிட்டார்கள். படித்தவர்கள் சிறு பிள்ளைகள் அல்ல, வளர்ந்த மனிதர்கள்.

நம் கரையிலும் இதே வேலையைச் செய்கிறவர்கள் உண்டு. கொம்புத்துறையிலும் சிங்கித்துறையிலும் கடலுக்குப் போகிறவரைக் கேட்டுப் பாருங்கள். திருச்செந்தூர் கோபுரத்தையும், கரையிலுள்ள மினாராவையும், மரத்தையும் அடையாளம் வைத்து, நீர் ஓடும் திசையையும் காற்றையும் பார்த்து, வலை போட்ட இடத்தைத் தேடிப் பிடித்துவிடுவார். அவர் பள்ளிக்கூடத்தில் எத்தனை வகுப்பு படித்தார் என்பது அங்கே கேள்வியில்லை.

இந்தக் கரையே மாறக் கற்றுக்கொண்ட கரைதான். தூத்துக்குடிப் பகுதியில் முத்துக் குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று. முத்துச் சிப்பிக்கு மூழ்கியவர்கள் சங்கு குளிக்கவும், மீன்பிடிக்கவும், வேறு தொழில்களுக்கும் போனார்கள். பழகிய தொழில் போனால் புதிய தொழில் கற்கலாம். மூளையும் அப்படியே. வேலை கொடுத்தால் பழகும், கொடுக்காவிட்டால் மங்கும்.

பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் உண்டு

"நமக்குப் படிப்பு இல்லையே, மூளைக்கு என்ன வேலை கொடுப்பது?" என்று தாய்மார்கள் தயங்க வேண்டாம். ஐதராபாத்தில் மறதி நோய்க்குச் சிகிச்சைக்கு வந்த 648 பேரை டாக்டர் சுவர்ணா அல்லாடியும் அவருடன் இருந்தவர்களும் ஆராய்ந்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு மொழி பேசி வாழ்ந்தவர்களுக்கு, ஒரே மொழி பேசியவர்களைவிட ஏறக்குறைய நாலரை வருடம் தாமதித்தே நோய் தோன்றியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் காணப்பட்டது.

காயல்பட்டினத்துக்கு இது புதிய சங்கதி அல்ல. மார்க்கோ போலோ 'காயில்' என்று குறித்துவைத்த துறைமுகம் இந்தப் பகுதியில்தான் இருந்தது. பல நாட்டு வணிகரோடு பேசிப் பழகிய கரை இது. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழை வீட்டிலிருந்தபடியே வாசித்த பெண்மணிகள் இந்த ஊரில் உண்டு. கொழும்புக்கும் ஹாங்காங்குக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய் வருகிறவர்கள் அங்கங்கே பேசும் மொழியையும் கற்று வருகிறார்கள். அந்தப் பேச்சை மறக்க விடாதீர்கள். வீட்டில் பிள்ளைகளோடு பேசுங்கள். மொழி மட்டும் நோயைத் தடுத்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. மூளைக்கு அது நல்ல உழைப்பு என்பதே பொருள்.

உப்பு விளையும் ஊரில் உப்பைப் பற்றி

ஆறுமுகநேரி பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பளம். நம் மாவட்டத்து உப்பு நாடெங்கும் போகிறது. ஆனால் நம் தட்டில் அது அளவோடு இருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புப் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதாவது தலை தட்டிய ஒரு சிறு தேக்கரண்டி. குழம்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் சேர்த்த கணக்கு இது.

உப்பு மிகுந்தால் இரத்தக் கொதிப்பு ஏறும். கொதிப்பு ஏறி வருடக் கணக்கில் நின்றால் மூளையிலுள்ள மெல்லிய குழாய்கள் தடித்து அடைபடும். சில சமயம் வெடிக்கும். பெரிய குழாய் அடைபட்டால் பக்கவாதம் வருகிறது. சிறு குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. மெல்ல மெல்ல நினைவு தேயும்.

இந்தப் பேச்சு நம் வீடுகளில் அடிக்கடி நடப்பதுதான்.

"ஏங்க, பிரஷர் மாத்திரை தீர்ந்து பத்து நாளாச்சே, போய் வாங்கலியா?"

"எனக்கு ஒண்ணும் செய்யலியே புள்ள. தலவலி இல்ல, மயக்கம் இல்ல. எதுக்கு மாத்திரை?"

"வந்த பொறவு வாங்கி என்ன செய்யப் போறிய?"

மனைவி கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததனால் இல்லை என்று ஆகாது. அளந்து பார்த்தால்தான் தெரியும். 140/90 அல்லது அதற்கு மேல் மீண்டும் மீண்டும் காட்டினால் டாக்டரின் ஆலோசனை அவசியம். மாத்திரை சாப்பிட்டு அளவு சரியாக இருந்தால், மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள். நோய் போய்விட்டது என்று பொருள் அல்ல. டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

இதனால் மூளைக்கு உண்மையிலேயே பலன் உண்டா? உண்டு. சீன தேசத்துக் கிராமங்கள் 326-ல், கொதிப்பு உள்ள ஏறக்குறைய 34,000 பேரை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. பாதிக் கிராமங்களில் கிராம வைத்தியர்களே வீட்டுக்காரரை விடாமல் கவனித்து, மாத்திரை கொடுத்து, கொதிப்பை நன்றாகக் குறைத்தார்கள். நான்கு வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்தக் கிராமங்களில் மறதி நோய் 15 சதவீதம் குறைவாக இருந்தது. 2025-ல் இந்த முடிவு வெளியாயிற்று. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நடந்த காரியம் அல்ல இது. நம்மைப் போன்ற கிராமங்களில், சாதாரண மாத்திரையால் நடந்தது.

நம் தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்ட் 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. கொதிப்பும் சர்க்கரையும் பார்க்க ஊழியர்கள் வீடு தேடி வருகிறார்கள். வரும்போது "அவுஹ கடலுக்குப் போயிருக்காஹ" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அவர் கரையில் இருக்கும் நாளைச் சொல்லி வரச் சொல்லுங்கள். மனைவியும் கையை நீட்டி அளந்துகொள்ள வேண்டும். வீட்டுக்காரருக்கு மட்டும் பார்த்துவிட்டுத் தான் ஒதுங்குகிற தாய்மார்கள் அதிகம்.

சமையலறையில் செய்ய வேண்டியவை:

1. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு முறை கழுவிச் சமையுங்கள். தினமும் வேண்டாம்.
2. சோற்றில் உப்புப் போட்டு வடிக்கும் பழக்கத்தை விடுங்கள். சாப்பிடும் இடத்தில் உப்புக் கிண்ணம் வைக்காதீர்கள்.
3. போடும் உப்பு குறைவாக இருக்கட்டும். ஆனால் அயோடின் கலந்த உப்பாக இருக்கட்டும். அளத்து உப்பு மலிவு என்று அதையே சமையலுக்கு வைக்காதீர்கள். வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளை வளர அயோடின் கட்டாயம் தேவை.
4. சாளை, அயிலை போன்ற மீன் விலையும் குறைவு, மூளைக்கு ஏற்ற நல்ல கொழுப்பும் உள்ளது. பொரிப்பதைக் குறைத்துக் குழம்பாக வையுங்கள். கீரை, பயறு, பழம் சேருங்கள்.

சர்க்கரை, புகையிலை, மது

சர்க்கரை வியாதியும் இரத்தக் குழாய்களையே அரிக்கிறது. இரத்தத்தில் கெட்ட கொழுப்பு மிகுந்தாலும் அப்படியே. முப்பது வயது தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதித்துக்கொள்ள வேண்டும். பீடி, சிகரெட் குழாயைச் சுருக்கும். வெற்றிலையோடு போடும் புகையிலையும் உடலுக்குக் கேடே. மது மூளையை நேராகவே தாக்குகிறது. இவற்றை விட உதவி வேண்டுமானால் வெட்கப்படாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

காதும் கண்ணும்

இதைப் பலர் எதிர்பார்க்க மாட்டீர்கள். காது மந்தமாகிப் பல வருடம் கவனிக்காமல் விட்டவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. காரணம் விளங்கக் கூடியதே. காது கேளாதவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார். கேட்டதையே கேட்கிறார் என்று மற்றவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். அவர் திண்ணையோடு நின்றுவிடுகிறார். மூளைக்குப் போகும் செய்தி குறைகிறது.

படகு எஞ்சின் அருகில் பல வருடம் உட்கார்ந்தவர்களுக்குக் காது கெடுவது சாதாரணம். இயந்திரச் சத்தத்தில் வேலை செய்பவர்கள் காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். "டி.வி. சத்தத்தைக் கூட்டு" என்று வீட்டில் ஒருவர் அடிக்கடி சொன்னால், அவரைக் காது டாக்டரிடம் காட்டுங்கள். சில சமயம் காதழுக்கை எடுத்தாலே சரியாகும். கருவி தேவையானால் அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். கண்ணில் புரை விழுந்தால் தள்ளிப்போடாதீர்கள். பார்வை மங்கலும் அந்த 14 காரணங்களில் ஒன்று. அரசு மருத்துவமனையில் இலவசமாக லென்ஸ் வைத்துத் தருகிறார்கள்.

தலையில் அடிபட்டால்

திருச்செந்தூர் ரோட்டில் பிள்ளையை முன்னால் வைத்து, மனைவியைப் பின்னால் வைத்து, ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறோம். ஹெல்மெட் தலைக்கு, கண்ணாடிக்கு அல்ல. பின்னால் இருப்பவருக்கும் அது வேண்டும். விபத்து நேர்ந்தால், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 முதல் உள்ளது. முதியவர் வழுக்கி விழுந்து, சில வாரம் கழித்துத் தடுமாறிப் பேசினால், "வயசு" என்று விட்டுவிடாதீர்கள். மண்டைக்குள் இரத்தம் மெல்லக் கசிந்து தேங்கியிருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு.

உழைப்பும் உறக்கமும் துணையும்

வலை இழுப்பவருக்கும் உப்பு வாருகிறவருக்கும் உழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கடையில் உட்கார்ந்திருப்பவரும் வீட்டுக்குள்ளேயே இருப்பவரும்தான் கவனிக்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வேகமாக நடந்தால் போதும். மாலையில் கடற்கரைப் பக்கம் கணவன் மனைவி சேர்ந்தே நடக்கலாம். இரவில் ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு கடலுக்குப் போகிறவர் பகலில் உறங்கும்போது வீட்டார் சத்தம் குறைத்து உதவுங்கள்.

இனி ஒரு முக்கியமான விஷயம். இந்த ஊரில் பல வீடுகளில் கணவர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார். அங்கே அவர் தனி, இங்கே இவர் தனி. தனிமையும் நீண்ட மனச்சோர்வும் மூளையைப் பாதிக்கின்றன. போனில் பணக் கணக்கும் பிள்ளையின் மார்க்கும் மட்டும் பேசி வைத்துவிடாதீர்கள். "நல்லா உறங்குனியளா? என்ன சாப்பிட்டிய? மாத்திரை போட்டியளா?" என்று இருவரும் கேட்டுக்கொள்ளுங்கள். எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, அழுகை வருகிறது என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது பலவீனமும் அல்ல, பாவமும் அல்ல. சிகிச்சை உள்ள நோய்.

புதிதாக ஒன்று கற்போம்

தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்வது மூளைக்குப் போதாது. கொஞ்சம் கடினமாக இருக்க வேண்டும். தப்புச் செய்து திருத்திக்கொள்ள வேண்டும். இதற்குப் பணம் வேண்டியதில்லை. கணவனும் மனைவியும் ஒருவர் வேலையை ஒருவர் கற்றுக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு, போனில் பணம் அனுப்புவது, நிலப் பத்திரம் எங்கே என்பது மனைவிக்குத் தெரியட்டும். கஞ்சி வைப்பது, குழந்தைக்கு மருந்து அளப்பது கணவருக்குத் தெரியட்டும். நாளை ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் திகைத்து நிற்க வேண்டியிருக்காது. மூளைக்குப் பயிற்சி ஒரு பலன். குடும்பத்துக்குப் பாதுகாப்பு இரண்டாம் பலன்.

வாப்பாவுக்குத் தெரிந்த கடல் அடையாளங்களையும், உம்மாவுக்குத் தெரிந்த கைவேலையையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். சொல்லிக் கொடுப்பவரின் மூளையும் உழைக்கும். எழுத்துத் தெரியாதவர்கள் இப்போதும் கற்கலாம். 1990-களில் அறிவொளி இயக்கத்தில் எத்தனையோ பேர் கற்றார்கள். 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2022-ல் 'புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்' தொடங்கப்பட்டது. அருகிலுள்ள அரசுப் பள்ளியில் கேளுங்கள்.

எந்த மறதிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும்?

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது சாதாரணம். சாவி எதற்கு என்றே தெரியாமல் விழிப்பது சாதாரணம் அல்ல. பழகிய தெருவில் வழி தப்புவது, சமைத்த சோற்றை மறந்து மறுபடி உலை வைப்பது, சில்லறைக் கணக்குக் குழம்புவது, சாந்தமாக இருந்தவர் காரணமின்றிச் சந்தேகப்படுவது இவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல் மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆகவே இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த அவமானம் அல்ல. செய்வினை, காற்றுச் சேஷ்டை என்று காலத்தைப் போக்காதீர்கள். தைராய்டுக் குறை, வைட்டமின் பி-12 குறை, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். அவை சிகிச்சையில் சரியாகக் கூடியவை. சோதித்துப் பார்த்தால்தானே எது என்று தெரியும்?

பக்கவாதம்: கடிகாரத்தைப் பாருங்கள்

திடீரென்று முகம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். எண்ணெய் தேய்த்து உட்கார வைக்காதீர்கள். தண்ணீரோ மாத்திரையோ வாயில் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முப்பது கிலோமீட்டருக்கும் மேல். "காலையில பாத்துக்கலாம்" என்றால் காலம் கடந்துவிடும்.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். ரோடும் இல்லை, கரண்டும் இல்லை. அப்படிப்பட்ட நாளில் மாத்திரை தீர்ந்துவிட்டால் கொதிப்பு எகிறும். ஐப்பசி பிறந்ததும் இரண்டு வார மாத்திரையையும், மருந்துச் சீட்டையும் பிளாஸ்டிக் பையில் கட்டி உயரமான இடத்தில் வையுங்கள்.

தம்பதிகளே! இந்த வாரமே செய்யுங்கள்

1. இருவரும் சேர்ந்து போய் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.
2. நிறுத்திய மாத்திரை இருந்தால் டாக்டரைக் கேட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.
3. உப்பைக் குறையுங்கள், புகையிலையையும் மதுவையும் விடுங்கள்.
4. பெரியவர்களின் காதையும் கண்ணையும் சோதியுங்கள்.
5. ஹெல்மெட் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள்.
6. ஒருவருக்குத் தெரிந்த ஒரு வேலையை மற்றவருக்குக் கற்றுக் கொடுங்கள்.
7. 108 என்ற எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

திருமண நாளில் ஒருவரை ஒருவர் கடைசிவரை காப்பதாக ஏற்றுக்கொண்டீர்கள். கடைசிவரை ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டு பேசிச் சிரிப்பதும் அதில் அடங்கும். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரையோ, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரையோ தயங்காமல் கேளுங்கள். படித்து முடித்ததும் இதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.